மீன்களுக்குத் தண்ணீர் ஊற்றாதே

ஹென்ஷீர் மர்ஜா
13 ஜூன் 1986, வெள்ளி

மோன்ஸெஃப்,

நீ செய்திருக்கும் அநியாயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீன் வீட்டின் நிலவறையில் மேசை போட்டு, உன் பஸ்ஸில் வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சாப்பாடு பரிமாறச் சொல்லியிருக்கிறாய். அவர்கள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, மேலே நிற்கும் கூட்டத்துக்காகத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறாய். அந்தத் தரைதான் கீழறைக்குக் கூரை. அதன் அடியில் தட்டும் கையுமாக நிற்பது உன் ஒரே மகள் ரவ்தா.

போனில் சொல்லியிருப்பேன். போனை நீ பாதியில் வைத்துவிடுகிறாய். போதாததற்கு, இந்த ஊர்த் தபாலாபீஸில் பேசினால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் எனக்குப் பதில் சொல்கிறார்கள். கடிதத்தை நீ மடித்து வைத்தாலும் அது பேசிக்கொண்டே இருக்கும். அதனால் இனி எழுத்துதான். செவ்வாயும் வெள்ளியும் உன் பஸ்ஸை ஓட்டி வரும் தய்யிபிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

அந்தத் தரையில் மீன் படமாகப் பதித்த, தூசி படிந்த வண்ணக் கற்களில் ஈரம் பட்டால்தான் நிறம் எழும்பும். சிவப்பு மீன் சிவக்கும், கடல் நீலமாகும், கூட்டம் வாயைப் பிளக்கும். இந்த நாட்டில் எந்த இடிபாட்டில் வேலை பார்ப்பவனும் செய்கிற காரியம் இது. நான் மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் செய்தது ஒரு ஈரத்துணி. நீ அனுப்பியிருப்பது கழுதை வண்டியில் பீப்பாய்.

நோன்பு மாதத்தில் கூட்டம் இல்லை, தரை காய்ந்து கிடந்தது. பெருநாளுக்கு மறுநாள் உன் பஸ் வந்து போன பிறகு, கதவைப் பூட்டக் கீழே இறங்கினேன். ஒரு சத்தம். தூங்குகிறவன் பல்லைக் கடிப்பானே, அப்படி. விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. சத்தமும் நின்றது. நான் மூச்சை விட்டதும் மறுபடியும் கடித்தது.

பாம்பும் பார்த்திருக்கிறேன், பட்டாளமும் பார்த்திருக்கிறேன். அன்று கதவைப் பூட்டக்கூட நிற்காமல் படியேறினேன்.

மேசைகளை எடுத்து ஒலிவ மரத்தடியில் போடு. பீப்பாயைத் திருப்பி அனுப்பு. அதுவரை நீ எனக்குத் தம்பி இல்லை.

லஸ்ஹார்


சூஸ்
16 ஜூன் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

பெருநாள் வாழ்த்துக்கூட இல்லாமல் அநியாயத்தில் ஆரம்பிக்கும் கடிதத்தை உங்களால் மட்டும்தான் எழுத முடியும். தய்யிப் அதைக் கொடுக்கும்போதே, "ஸி மோன்ஸெஃப், கவரே சுடுதுங்க" என்றான். உட்கார்ந்து படித்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது.

அண்ணே, அதைக் கட்டியவர்கள் ரோமானியர்கள். பூகம்பம் வந்து போயிருக்கிறது, படைகள் வந்து போயிருக்கின்றன, நம் தாத்தாவின் ஆடுகள் அந்தக் கூரை மேல் தலைமுறை தலைமுறையாக மேய்ந்திருக்கின்றன. அப்போதெல்லாம் நின்ற கூரை ஒரு வாளித் தண்ணீரிலா விழப்போகிறது? முப்பது வருஷம் நீங்களும் அதே மீன்களை நனைத்துத்தானே காட்டினீர்கள். நீங்கள் தெளித்தால் ஸம்ஸம் புனித நீர், என் ஆள் ஹம்மாதி ஊற்றினால் விஷமா?

ஒலிவ மரத்தடியைப் பற்றிச் சொல்கிறீர்கள். போன ஜூலையில் அதே மரத்தடியில் ஒரு ஜெர்மன் அம்மாள் தர்பூசணித் துண்டோடு மயங்கி விழுந்தது உங்களுக்கு மறந்துபோயிருக்கலாம். ஹோட்டல்காரர்கள் மறக்கவில்லை. மீன் வீட்டின் கீழறை மட்டும்தான் அந்த மலையிலேயே குளிர்ந்த இடம். 'ரோமானியரின் குளிரறையில் ஒரு மதிய விருந்து' என்று அச்சடித்து எல்லா ஹோட்டல்களிலும் வைத்தாகிவிட்டது.

ஒரே ஒரு குறைதான் வருகிறது. சாலட்டில் மணல் கடிபடுகிறதாம். ஹம்மாதியின் மனைவி கீரையைச் சரியாக அலசுவதில்லை போலிருக்கிறது. நீங்கள் அங்கேயே இருப்பதால் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

இன்னொன்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கோடையில் கூட்டத்தைச் சுற்றிக்காட்டுவதை முழுக்க ரவ்தாவே பார்த்துக்கொள்ளட்டும். கல்லூரியில் மூன்று மொழி படித்தவள், உங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். நீங்கள் வாசலில் நிழலில் உட்காருங்கள், போதும். வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் தம்பி
மோன்ஸெஃப்


ஹென்ஷீர் மர்ஜா
20 ஜூன் 1986

மோன்ஸெஃப்,

ஹம்மாதியின் மனைவியை நான் கண்டிக்கவில்லை. இன்று காலை அந்தக் கீரையை அவளோடு உட்கார்ந்து நானே அலசினேன். கடைசித் தண்ணீர் குடிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. தட்டுகளில் வைத்து, வெள்ளைத்துணி போட்டு மூடிக் கீழே கொண்டுபோனோம். மேலே ஹம்மாதி வாளியைக் கவிழ்த்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு விரலால் வாயைத் துழாவினார்.

மணல் கீரையிலிருந்து வரவில்லை, மோன்ஸெஃப். மேலேயிருந்து வருகிறது. உன் விருந்தாளிகள் கூரையைத் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

அது கல் கூரை இல்லை. சுட்ட களிமண் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி வளைத்து, மேலே சாந்து பூசிய கூரை. சின்ன வயதில் உடைந்த குழாய் ஒன்றில் நீ வாய் வைத்து ஊதி விளையாடியிருக்கிறாய். சாந்து ஊறினால் குழாய்க்குப் பிடிப்பு ஏது? வளைவில் ஓடும் விரிசலுக்குக் குறுக்கே, போன சனிக்கிழமை ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு பூசி வைத்தேன். செவ்வாய்க்கிழமை பஸ் போன பிறகு பார்த்தால் அது இரண்டாக அறுந்திருந்தது; விரிசல் அகலமாகிறது.

அதனால்தான் படிக்கட்டின் இரும்புக் கதவைப் பூட்டினேன். அரசாங்க அனுமதிச் சீட்டைக் காட்டிப் பூட்டை உடைக்கச் சொன்னவன் நீ. உடைத்தவன் ஹம்மாதி. சரி, பூட்டு இல்லாவிட்டால் நான் இருக்கிறேன் என்று இன்று போய் முதல் படியில் உட்கார்ந்தேன்.

ரவ்தா கூட்டத்தோடு வந்தாள்.

"பெரியப்பா, எந்திரிங்க. இவங்கள உள்ள விடணும்."

"உங்கப்பன் வந்து எழுப்பட்டும்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே டிக்கெட் வாங்கியிருக்காங்க."

ஒரு தடியன் அவளிடம் ஏதோ கேட்டான். அவள் முகம் சிவந்து, ஆமாம் என்று தலையாட்டினாள். உடனே எல்லாரும் காமிராவைத் தூக்கினார்கள். அப்புறம்தான் தெரிந்தது: 'இவர் ரோமானியக் காவலாளி வேஷமா?' என்று கேட்டிருக்கிறான். ஒரு பெண் என் மடியில் காசு போட்டாள். பிறகு ஒவ்வொருவராக, என்னை இடிக்காமல் மரியாதையாகத் தாண்டி இறங்கினார்கள்.

"நாளைக்கும் வந்து உக்காருங்க, ஸி லஸ்ஹார். நல்லா எடுபடுது" என்றான் ஹம்மாதி.

அவமானத்தைப் பற்றி எழுதவில்லை, அது எனக்குப் பழக்கம். அவர்கள் கீழே இருந்த நேரம் முழுக்க நான் படியில் உட்கார்ந்து கரண்டிச் சத்தத்தையும் சிரிப்பையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை சிரிப்பு நிற்கும்போதும் ஒரு படி கீழே இறங்கினேன். ரவ்தாவின் குரல் மறுபடி கேட்டதும் ஏறி உட்கார்ந்தேன்.

பதில் எழுதாதே. மேசைகளை எடு.

லஸ்ஹார்


சூஸ்
23 ஜூன் 1986

அண்ணே,

போதும். பூட்டுப் போடுவது, படியில் படுப்பது எல்லாம் ஊரில் சிரிப்பாகிவிட்டது. என் கூட்டாளி ஷத்லி, "உங்கண்ணனுக்கும் ஒரு சம்பளம் போட்டுடலாம்ப்பா, அவர்தான் நம்ம பெரிய காட்சி" என்கிறான். என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று புரிகிறதா?

சுண்ணாம்பு வெயிலில் வெடிக்கும். அது உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை ரவ்தா போன் பண்ணினாள். வழக்கம்போல் அரட்டை. நடுவில், "அப்பா, இன்னிக்கு நான் மீன் வேட்டையைப் பத்திச் சொல்லிட்டிருந்தப்ப கூரையும் கூடப் பேசிச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, அவள் சிரிப்பு சரியாக இல்லை என்று தோன்றியது. நீங்கள்தான் அவள் மனதில் இதையெல்லாம் ஏற்றுகிறீர்கள். அவளிடம் இனி இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

ஜூலை நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, நானே வருகிறேன். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு பயண ஏற்பாட்டுக்காரர் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்த வருஷம் தினம் ஒரு பஸ். அவரை அந்தக் கூரைக்குக் கீழே உட்காரவைத்து, அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். என் உயிர் எனக்கு வெல்லம் இல்லையா? நான் உட்காருகிற இடத்தில் ஆபத்து இருக்குமா? அதற்குப் பிறகாவது உங்கள் வாய் அடங்கட்டும்.

மோன்ஸெஃப்


ஹென்ஷீர் மர்ஜா
1 ஜூலை 1986

மோன்ஸெஃப்,

அவளிடம் பேச்சை எடுக்காதே என்றாய். நான் பேசவில்லை. கேட்கவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. காலை ரொட்டி சுட்டு முடித்ததும் ரவ்தாவைக் கூப்பிட்டேன். "மீன் வீட்டுக்கு வா. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீயும் பேசாதே" என்றேன். ஹம்மாதியை மேலே நிறுத்தி, வெள்ளிக்கிழமை ஊற்றுகிற அளவே ஊற்றச் சொன்னேன். "ஆளே இல்லாம மீனுக்கு எதுக்கு ஸி லஸ்ஹார் குளியல்?" என்று முனகிக்கொண்டே ஊற்றினான்.

நாங்கள் இரண்டு பேரும் கீழே, வாசலுக்கு மேலே குறுக்கே கிடக்கும் வாசற்கல்லின் அடியில் நின்றோம். அறைக்குள் அவளை விடவில்லை. தண்ணீர் மேலே பரவுகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அவள் என்னைப் பார்த்து, இவ்வளவுதானா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். அப்போது ஆரம்பித்தது. முதலில் அந்தப் பல் கடிக்கிற சத்தம். அது ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, எங்கள் தலைக்கு மேலே யாரோ நடந்துபோவதுபோல் போயிற்று. நின்றது. திரும்பி வந்தது. மேசை மேல் ஏதோ விழுந்தது. குழாய்த்துண்டு. எட்டி எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி அவள் விரலுக்குள் நசுங்கியது.

"மேல போலாம் பெரியப்பா."

"கேட்டியா?"

"போலாம்னு சொல்றேன்ல!"

படியேறும்போது என் சட்டையை முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டே வந்தாள். மதியம் அவள் சாப்பிடவில்லை. நான் ஊறவைத்த கொண்டைக்கடலையின் தோல் வெடிக்கிற சத்தத்துக்குக்கூடத் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் சொன்னாள்: "அப்பா எல்லா ஹோட்டல்லயும் சொல்லிட்டாரு. அந்த ஹாம்பர்க்காரர் முன்னாடி நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? அவர் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

"அப்ப கீழ போவியா?"

"சாப்பாடு போடறவ நான்தானே."

அவளுக்கு இப்போது பயம் தெரிந்துவிட்டது. பயம் தெரிந்தே இறங்கப்போகிறாள். தெரியாமல் இறங்கியபோது எனக்கு இருந்த நடுக்கம் இப்போது இரட்டிப்பாகிவிட்டது. நான் நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று யோசிக்க மாட்டேன். செய்ய வேண்டியதைச் செய்தேன்.

நீ வராதே. வந்துதான் தீருவாய் என்றால், மரத்தடியில் சாப்பிடு. அதுவும் மாட்டாய் என்றால், அன்று ஒரு நாள் மேலே தண்ணீர் ஊற்றவேண்டாம் என்று ஹம்மாதியிடம் உன் வாயால் சொல்லு. என் வாயை அவன் மதிப்பதில்லை. நீ கொடுத்த தைரியம்.

இது கெஞ்சல் இல்லை. ஆனால் கெஞ்சலாக எடுத்துக்கொண்டால்தான் நிறுத்துவாய் என்றால் அப்படியே எடுத்துக்கொள்.

லஸ்ஹார்


பேஜா, ஆஸ்பத்திரி
5 ஜூலை 1986

அண்ணே,

நர்ஸிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். இதை வாடகைக் காரில் அனுப்புகிறேன். ரவ்தாவுக்கு மூச்சு இருக்கிறது. இடது காலில் அறுவை முடிந்தது. இன்னும் கண் திறக்கவில்லை. திறப்பாள் என்கிறார் டாக்டர். அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கற்களை நகர்த்தி எங்களை வெளியே இழுத்தவர் நீங்கள். ஆனால் கீழே நடந்தது உங்களுக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

ரவ்தா கூட்டத்தை இடிந்த ரோமானிய அரங்கத்திலேயே நிறுத்தி, கதை கதையாக இழுத்துக்கொண்டிருந்தாள். ஹாம்பர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கோபம். அவள் வேண்டுமென்றே தாமதிக்கிறாள் என்று தெரிந்தது, நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள் என்றும் நினைத்தேன். எல்லாரும் வருவதற்குள் மேசையைச் சரிபார்க்கலாம் என்று நான் மட்டும் கீழே இறங்கினேன். அதற்குள் அன்று வந்த இரண்டாவது பஸ்ஸின் கூட்டம் மேலே மீன்களைச் சுற்றி நின்றுவிட்டது. ஹம்மாதியிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் கடிதம் என் பையில் இருந்தது.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஊத்தாதடா, வாளிய வைடா கீழ!" என்று உங்கள் குரல். நான் சிரித்தேன். அண்ணே, நான் சிரித்தேன்.

அப்போது ரவ்தா ஓடிவந்தாள். கூட்டத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக.

"அப்பா, மேல வாங்க."

"போய் அவங்கள கூட்டிட்டு வா. ஆறிப்போகுது எல்லாம்."

"மாட்டேன். வாங்க."

என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உதறினேன். மறுபடி பிடித்தாள். அப்போது நானும் அதைக் கேட்டேன். நீங்கள் எழுதியிருந்ததுபோல் பல் கடிக்கிற சத்தம் இல்லை அது. யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. அவள் என்னை வாசற்கல்லின் அடியில் தள்ளினாள். எனக்கு இடம் இருந்தது. அவளுக்கு இடம் போதவில்லை.

அவ்வளவுதான். இங்கே பக்கத்துக் கட்டிலில் யாரோ நாற்காலியை நகர்த்தினால் எழுந்து நிற்கிறேன். கூரையையே பார்க்கிறேன். இந்த ஆஸ்பத்திரிக் கூரையிலும் ஒரு விரிசல் இருக்கிறது.

வாருங்கள், அண்ணே. தனியாக என்னால் முடியவில்லை.

மோன்ஸெஃப்


ஹென்ஷீர் மர்ஜா
8 ஜூலை 1986, செவ்வாய்

மோன்ஸெஃப்,

என்னால் வர முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

கூரையில் பாதிதான் விழுந்திருக்கிறது. படிக்கட்டுப் பக்கம் விழுந்தது, கிழக்குப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அன்று மீன்களைச் சுற்றி நின்ற கூட்டம் தப்பியது அந்தப் பக்கம் நின்றதால்தான்; அதன் மேல் மீன்கள் அப்படியே இருக்கின்றன. மேலே நின்று பார்த்தால் ஆபத்து எதுவும் தெரியாது. அழகாக இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அது இன்னும் பேசுகிறது. இப்போது தண்ணீர் கேட்பதில்லை, காற்று அடித்தாலே பேசுகிறது.

சனிக்கிழமையிலிருந்து ஊரே வருகிறது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "எங்க விழுந்தா அந்தப் பொண்ணு, காட்டுங்க" என்று விளிம்பு வரைக்கும் வருகிறார்கள். தடியோடு நிற்கிறேன். திட்டுகிறேன், அடிக்கவும் செய்கிறேன். நான் தொழுகைக்குத் திரும்பினால் அந்தப் பக்கமாக ஏறிவிடுகிறார்கள். நேற்று ஒருத்தி அங்கே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை உன் பஸ் வந்தது. நான் நம்பவில்லை. தய்யிபுக்கே முகம் வெளுத்திருந்தது. "ஷத்லி ஸார்தான் அனுப்பிட்டாருங்க. சாப்பாட்டுக்குப் பதிலா குழியக் காட்டச் சொன்னாரு" என்றான். கூட்டம் இறங்கிவிட்டது. ஒருவன் நல்ல படம் வேண்டும் என்று கிழக்குத் தரையில் மண்டியிட்டு, பிறகு நெஞ்சு படப் படுத்துக்கொண்டு காமிராவைக் குழிக்குள் நீட்டினான். அவன் வயிற்றுக்குக் கீழே அது பல்லைக் கடித்தது. எனக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. நான் ஓடினால் என் கனமும் சேரும். கத்தினால் அவன் துள்ளி எழுவான். தரையில் மெல்ல உட்கார்ந்து, தடியின் வளைந்த பிடியை நீட்டி அவன் கணுக்காலைக் கொக்கிபோட்டு அங்குலம் அங்குலமாக இழுத்தேன். அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான்.

எல்லாரையும் பஸ்ஸுக்குள் ஏற்றிவிட்டேன். இதை பஸ் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எஞ்சின் ஓடுவதால் படி அதிர்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படி. நீ அழுது எழுதியதைப் படித்தேன். அதற்கு இப்போது பதில் கிடையாது. செய்ய வேண்டியதும் செய்ய வேண்டியவர்களும் கீழே.

நீ: இதைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிப் போனில் ஷத்லியைக் கூப்பிட்டு, ஹென்ஷீர் மர்ஜாவுக்கு இனி பஸ் கிடையாது என்று சொல்லவேண்டும். அடுத்த வாரம் வரை என்று சொல்லக்கூடாது, கிடையாது என்று சொல்லவேண்டும். அவன் ஹோட்டல்களைப் பற்றிப் பேசுவான். என்னிடம் நீ போனை வைப்பாயே, அப்படி வைத்துவிடு.

ரவ்தா கண் விழித்த பிறகு, அவளை உன் மனைவியிடம் விட்டுவிட்டுத் தலைநகருக்குப் போ. பழங்கட்டடம் பார்க்கிற பொறியாளர் ஒருவரைக் காரில் உட்காரவைத்து இங்கே அழைத்து வரவேண்டும். தொல்பொருள் துறைக்கு நான் எழுதிய கடிதத்துக்கு, விடுமுறை முடிந்து செப்டம்பரில் பார்ப்பதாகப் பதில் வந்தது. டை கட்டியவன் நேரில் போனால் வருவார்கள். உனக்கு அது இருக்கிறது.

ஹம்மாதி: சப்பாத்திக்கள்ளி வெட்டி இழுத்துவந்து மீன் வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலி போடவேண்டும். அவன் இன்னும் அழுதுகொண்டிருக்கிறான். அழுதுகொண்டே வெட்டலாம். பீப்பாய்களை ஓடைக்கு அப்பால் கொண்டுபோய்த்தான் கவிழ்க்கவேண்டும்.

அவன் மனைவி: வேலி முடியும்வரை பெண்களையும் பிள்ளைகளையும் வாசலிலேயே மறிக்கவேண்டும். அவள் வாய்க்கு ஊர் பயப்படும். என் தடிக்குப் பயப்படுவதில்லை.

ரவ்தா: ஒன்றும் செய்ய வேண்டாம். யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்த ஹாம்பர்க்காரன் என்ன ஆனான் என்று கேட்டால், கடற்கரையில் குளித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல். கால் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்.

நான்: வேலி முடியும்வரை இங்கே.

தய்யிப்: வண்டியை நேராகப் பேஜா ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கவேண்டும். நீ வெளியே வந்து சொல்லும்வரை வண்டியைக் கிளப்பமாட்டான். எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறான். உள்ளே பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், குழியைச் சரியாகப் பார்க்கவிடவில்லை என்று கோபமாக இருக்கிறார்கள், திரும்பப் போகலாம் என்று கேட்கிறார்கள். அவர்களை எங்கே கொண்டுபோவது என்று நீ போய்ச் சொல்.

லஸ்ஹார்